கடைசியாக இறங்கியவர்

குழாயைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஞானதிரவியம் உட்கார்ந்தபோது மத்தியானம் இரண்டரை மணி. தொட்டி நிறைய மூன்றரை மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குச் சபைக் கூட்டம். ஆக எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீரும் கூட்டமும் ஒன்றையொன்று இடிக்காது, இடையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. அந்த ஒன்றுதான் அவருக்கு வராது. நாளைக்கு ஞாயிறு, ஞானஸ்நானம் இருக்கிறது. பாப்திஸ்து சபையில் ஞானஸ்நானம் என்றால் நெற்றியில் நாலு சொட்டுத் தெளிக்கிற சமாச்சாரம் இல்லை, ஆளை முழுசாக முக்கி எடுக்க வேண்டும். அதற்கு இடுப்புக்கு மேல் தண்ணீர் வேண்டும், அதற்குப் பிரசங்க பீடத்துக்குப் பின்னால் சுவரோடு சேர்த்துக் கட்டிய இந்தத் தொட்டி வேண்டும், தொட்டிக்கு ஒரு காவல்காரன் வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்தக் காவல்காரன் டீக்கன் ஞானதிரவியம். வேலை பார்த்த காலத்தில் பைப் கம்பெனியில் டிசைனர், அதனால் தண்ணீர் என்றால் ஜிடியைக் கூப்பிடு என்று சபையின் வெள்ளைக்காரர்கள் ஒரே மனதாக முடிவு செய்துவிட்டார்கள். ஞானதிரவியம் என்ற பெயர் அவர்கள் நாக்கில் புரளாமல் ஜிடி ஆகிப் பல காலம் ஆகிவிட்டது. மனைவி பியூலாவே கோபம் வந்தால் ஜிடி என்கிறாள். தொட்டியின் பின்சுவரில் யாரோ எழுபதுகளில் ஒரு நதியை வரைந்து வைத்திருக்கிறார்கள், கரையில் இருப்பது சந்தேகமில்லாமல் டெக்சாஸ் ஓக் மரம். அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றரை மணி நேரத்தை ஓட்டிவிடலாம், ரூபனைப் பற்றி மட்டும் நினைக்கக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினார். கிளம்பும்போது பியூலா அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வாசனையே வேறு மாதிரி இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு சனிக்கிழமையே கொதிக்கிறதே என்று கேட்டார். ரூபன் வீட்டுக்கு, பாவம் அந்தப் பிள்ளைக்கு நைட் டியூட்டி, அவன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றாள். பாவம் அந்தப் பிள்ளை. முப்பத்தெட்டு வயசு, டயாலிசிஸ் நர்ஸ், ஆறடி உயரம், பாவமாம். பாருங்கள், தொட்டியில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் வரவில்லை, அதற்குள் ரூபன் வந்துவிட்டான்.

சரி, வந்தவனை என்ன செய்வது, நினைத்துத் தீர்த்துவிட வேண்டியதுதான். விஷயம் சின்னது. அடுத்த மாதம் மாநிலச் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம். ஊர் ஊருக்கு இருக்கிற பாப்திஸ்து சபைகள் எல்லாம் ஆள் அனுப்பும், ஆயிரத்து இருநூறு பேர், கையில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை, தூக்கினால் ஓட்டு. இந்த வருஷம் அங்கே ஒரு தீர்மானம் வருகிறது. கிரிட்டிக்கல் ரேஸ் தியரி என்று ஒன்று கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்களாம், இனவெறி என்பது நாலு கெட்டவர்கள் மனதில் மட்டும் இருக்கிற வியாதி இல்லை, சட்டத்திலும் வழக்கத்திலும் நல்லவர்கள் நடத்துகிற நிறுவனங்களிலும் ஊறிக் கிடக்கிறது என்று அது சொல்கிறதாம். அது நற்செய்திக்கு விரோதம், எந்தச் சபையிலும் போதிக்கக்கூடாது என்று தீர்மானம். பாவம் என்றால் ஒவ்வொருவனும் தன்தன் பாவத்துக்கு மண்டியிட வேண்டும், தோலைப் பார்த்து ஒருவனைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று ஒரு கூட்டம். வழக்கத்தில் ஊறின பாவத்தைப் பார்க்க மறுப்பதே பாவம் என்று இன்னொரு கூட்டம். பாஸ்டர் கோல்மன் நல்ல மனுஷர், இரண்டு பக்கமும் தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலி வந்தவர். இந்தச் சபையில் வெள்ளைக்காரர்கள் அறுபது பேர், காலை ஒன்பது மணி ஆராதனை. தமிழர்கள் எண்பது பேர், பதினொன்றரை மணி ஆராதனை. அங்கத்தினர் பட்டியல் ஒன்றுதான், ஓட்டும் ஒன்றுதான். சங்கத்துக்கு மூன்று பேரை அனுப்பலாம். பாஸ்டர் ஒருவர், ஒன்பது மணிக்காரர் ஒருவர், மூன்றாவது தமிழ்ப் பக்கத்து ஆள். மூன்றாவது ஆளுக்கு இந்தத் தடவை விவாதத்தில் ஐந்து நிமிஷம் மைக் கொடுப்பதாகச் சங்கத்திலிருந்தே கடிதம் வந்திருக்கிறது, பிற தேசத்துச் சகோதரர்களின் குரலும் கேட்கப்பட வேண்டுமாம். பதினோரு வருஷமாக அந்த மூன்றாவது ஆள் ஞானதிரவியம். யாரும் எதிர்த்து நின்றதில்லை, ஆள் அனுப்புகிற பேச்சு வந்தாலே எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும், அவர் கொஞ்சம் வேண்டாம் வேண்டாம் என்பார், பிறகு சம்மதிப்பார், அந்த வேண்டாம் வேண்டாம் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தத் தடவை போன ஞாயிறே யாரோ ரூபன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஓட்டு. தியரி சரியா தப்பா என்று கேட்டால், பாஸ்டர் கொடுத்த பன்னிரண்டு பக்கத்தில் நாலு பக்கம் படித்திருக்கிறார், நாலாவது பக்கத்தில் தூங்கிவிட்டார். தியரி அவருக்கு மூன்றாவது கவலை. முதல் கவலை மைக். இரண்டாவது கவலை ரூபன் கையில் மைக். ஆயிரத்து இருநூறு பேருக்கு முன்னால் அந்த ஆறடி எழுந்து நின்று தொண்டையைச் செருமுவதைக் கண்ணை மூடினாலும் பார்க்க முடிந்தது, திறந்தாலும் பார்க்க முடிந்தது. எழுந்து போய்த் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார், ஹீட்டர் இன்னும் பிடிக்கவில்லை, சில்லென்று இருந்தது.

எல்லாம் போன வாரப் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஆரம்பித்தது. தீர்மானத்தைப் பற்றி யாருக்காவது மனதில் பாரம் இருந்தால் பகிர்ந்துகொள்ளலாம் என்று பாஸ்டர் சொன்னார். பாரம் என்றால் ஞானதிரவியம்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும், அது வழக்கம். மூட்டு வலியில் அரை நொடி தாமதமாகிவிட்டது. அந்த அரை நொடியில் ரூபன் எழுந்துவிட்டான். சபைக்கு வந்து மூன்று வருஷம், அதுவரைக்கும் வாய் திறந்ததில்லை. எங்கள் தாத்தா ஊர்ச் சபையில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரம், எல்லோரும் அதில்தான் குடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தான், குரல்கூட உயரவில்லை. முன்வரிசைக் குடும்பங்கள் முதலில் போகும், எங்கள் தெருக்காரர்கள் கடைசியில். யாரும் வராதே என்று சொல்லவில்லை, யாரும் திட்டவில்லை, எல்லோரும் தோத்திரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சில ஞாயிறுகளில் எங்கள் முறை வரும்போது திராட்சரசம் தீர்ந்துபோகும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசி அதைக் கொடுப்பார்கள். தாத்தா அதைக் குடித்துவிட்டு ஆமென் சொல்வார். அவ்வளவுதான் சொன்னான், உட்கார்ந்துவிட்டான். தீர்மானம் தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு முன்பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கைக்குட்டையைத் தேடினாள், அடுத்தவள் தேடினாள், பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், கூட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று ரூபன் கையைப் பிடித்துக்கொண்டார்கள், வரிசையில். பியூலாவும் அழுதாள். அதுதான் ஞானதிரவியத்துக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. கர்த்தர் தனக்குச் செய்ததை அவர் எழுந்து நின்று சாட்சி சொல்லும்போது பியூலா கடிகாரத்தைப் பார்ப்பாள். இருபத்தைந்து வருஷமாகச் சாட்சி சொல்கிறார், மூன்று மாநிலங்களில் சொல்லியிருக்கிறார், ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள், தோளில் தட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டு வந்ததில்லை. பாத்திரத்தை அலசின தண்ணீர். எப்படிப்பட்ட விஷயம் அது! சின்ன விஷயம், யாரும் இட்டுக்கட்ட முடியாத விஷயம், கேட்டவன் சாகிறவரை மறக்க மாட்டான். அப்படி ஒன்று தன்னிடம் இல்லையே என்று அந்தக் கணமே அவருக்குத் தோன்றியது, அடுத்தவன் வீட்டு அவமானத்தைப் பார்த்து எச்சில் ஊறுகிற ஒரே மனுஷன் உலகத்தில் நான்தான் என்று உடனே வெட்கமும் வந்தது, வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் பொறாமையே மேலே வந்தது. அவனுக்கு என்ன, தாத்தா பட்ட கஷ்டம், இவன் பட்டானா? இவன் நல்ல சம்பளத்தில் ஏர்கண்டிஷனில் இருக்கிறான். தாத்தா குடித்த தண்ணீருக்கு இவனுக்குக் கைகுலுக்கலா? வரிசையில் கடைசியாக ஞானதிரவியமும் போய்க் கையைக் கொடுத்தார், காட் பிளஸ் யூ தம்பி என்றார். ரூபன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேங்க்ஸ் அங்கிள் என்றான், கண்ணில் கர்வம் இருக்கிறதா என்று தேடினார், இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தண்ணீர் முதல் படியை மூடிவிட்டது. மணி நாலு இருக்கும், கூடத்தில் யாரோ நாற்காலிகளை வரிசைப்படுத்துகிற சத்தம், ஒரு பெண் குரல் காபி மெஷினைத் திட்டியது. தன்னுடைய சாட்சிக்கு என்ன குறைச்சல் என்று ஞானதிரவியம் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார், மேடைக்குப் போகுமுன் எப்போதும் ஓட்டிப் பார்க்கிற பழக்கம்தான். தொண்ணூற்றேழாம் வருஷம், ஊரில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவன், கையில் ஒரு பெட்டியோடு இந்த ஊருக்கு வந்தேன், இந்தச் சபையில் அன்றைக்கு என்னையும் என் மனைவியையும் தவிர எல்லோரும் வெள்ளையர். முழுக்கு ஞானஸ்நானம் பெற விரும்பினேன், என்னோடு இன்னும் நாலு பேர். அந்த நாலு பேரையும் முடித்துவிட்டு, கடைசியில், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அழைக்கிற மாதிரி என்னை அழைத்தார்கள். இந்த மாப்பிள்ளை வரியை மூன்றாம் வருஷம்தான் சாட்சியில் சேர்த்தார், நல்ல வரவேற்பு. அப்போதைய பாஸ்டர் ஹாலிஸ் என் தோளில் கை போட்டு, ஜிடி, உனக்காகத்தான் சிறப்பான இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். இந்தத் தேசத்துச் சபை என் நிறத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. இங்கே நிறுத்த வேண்டும், இங்கேதான் கைதட்டு. சங்கத்து மைக்கில் இதைச் சொன்னால் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பட்டியலில் இரண்டாவதாக எழுதியிருந்தது. எதற்கு இப்போது அது ஞாபகம் வருகிறது? உடை மாற்றுகிற அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், ஐந்து பெயர், இரண்டாவது பெயர் இவருடையது, எழுத்துப் பிழையோடு, அதை விடு. காலையில் வந்து பார்த்தால் தாள் புதிதாக இருந்தது. அதை விடு என்றால் விட வேண்டும். ரூபன் சாட்சியில் என்ன இருக்கிறது, ஒரு தண்ணீர், ஒரு தாத்தா. என் சாட்சியில் நான் இருக்கிறேன். நானே இறங்கினேன், நானே முழுகினேன், இந்தத் தொட்டியில்தான், இதே படியில் நின்றுகொண்டிருந்தேன், ஓரத்தில் ஈயக் குண்டு தைத்த வெள்ளை அங்கி, தண்ணீரில் அங்கி மேலே மிதந்து மானம் போகாமல் இருக்க அப்படித் தைத்திருப்பார்கள், கால் நடுங்கியது, குளிர் இல்லை அன்றைக்கு, ஜூன் மாதம். புதுத் தாளில் எனக்கு முன்னால் வந்துவிட்ட பெண்ணின் அம்மா படியோரம் நின்று பாஸ்டரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் நிறுத்திச் சிரித்தாள், ரொம்ப அன்பான சிரிப்பு. பிறகு பாஸ்டர் வந்து தோளில் கை போட்டார். சரி, மாப்பிள்ளை. கைதட்டு. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கைதட்டினவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தாள் மாறினது தெரியும் என்று ஒரு நினைப்பு, வந்த வழியே போகாமல், அவர் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டது. தெரிந்தவர்களும் கைதட்டினார்கள். அவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். இப்போது எழுந்து நின்று அது அப்படி இல்லை என்று சொன்னால், இருபத்தைந்து வருஷம் சபை சபையாகப் போய்ப் பொய் சொன்னவன் என்று ஆகும். சொல்லாவிட்டால் ரூபன் ஜெயிப்பான். இரண்டில் எது மோசம் என்று யோசித்தார். ரூபன் ஜெயிப்பதுதான் என்று மனசு கொஞ்சமும் தயங்காமல் சொன்னது.

“அங்கிள், உள்ள இருக்கீங்களா?”

ரூபன்தான். ட்ரையரிலிருந்து எடுத்த வெள்ளை அங்கிகளை இரண்டு கையிலும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு, பக்கக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து வந்தான். மணி ஐந்தேமுக்கால். அங்கிகளைக் கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டினான், தண்ணீரை எட்டிப் பார்த்தான், தொட்டிக்கு வெளிப்பக்கத்துக் கீழ்ப்படி ஈரமாக இருந்தும் அதிலேயே உட்கார்ந்தான்.

“ஒண்ணு சொல்லணும் அங்கிள். என் பேரை யாரு கொடுத்தாங்கன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்கு நான் எழுந்து எடுத்துடச் சொல்லிடறேன். நீங்களே போங்க.”

“என்னத்துக்கு?”

“நீங்க பெரியவங்க. பதினோரு வருஷமா போறீங்க. நான் சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லிட்டேன், போதும். நீங்க அங்க தீர்மானத்துக்கு ஆதரவாப் பேசினாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அங்கிள். உங்களுக்கு நடந்தது உங்களுக்கு, எங்களுக்கு நடந்தது எங்களுக்கு. உங்களை இந்த நாட்டுல நல்லாத்தானே நடத்தியிருக்காங்க.”

மனசாரச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. போட்டி போட்டு ஜெயித்தால்கூட ஒரு மாதிரி, தோற்றால்கூட ஒரு மாதிரி, இது என்ன, தட்டில் வைத்து நீட்டுகிறான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறான். இவனுக்கு எல்லாம் இருக்கிறது, தாத்தா இருக்கிறார், தண்ணீர் இருக்கிறது, பியூலாவின் கண்ணீர் இருக்கிறது, வஞ்சிர மீன் இருக்கிறது, இப்போது விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மையும் இவனுக்கே. உங்களை நல்லாத்தானே நடத்தியிருக்காங்க. கஷ்டம் என்றால் என்னவென்று தெரியாத ஆள் என்று சொல்கிறான், மரியாதையாகச் சொல்கிறான். ஞானதிரவியத்துக்குக் காது சுட்டது. இருபத்தைந்து வருஷமாகப் பூட்டி வைத்த வாய், தீர்மானத்துக்காகத் திறக்கவில்லை, சத்தியத்துக்காகத் திறக்கவில்லை, இந்த ஆறடியைவிட ஒரு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகத் திறந்தது.

“ஒங்க தாத்தாவுக்கு மட்டுந்தான் நடந்துச்சுன்னு நெனைக்கியா தம்பி?” என்றார். “மாப்ள மாதிரி கூப்பிட்டாங்கன்னு நான் சொல்லுதேன்லா, அது பொய். கதவுல ஒட்டுன பேப்பர்ல நான் ரெண்டாவது ஆளு. காலைல வந்து பாத்தா கடைசில கெடக்கேன். எனக்குப் பெறகு எறங்க வேண்டிய மூணு பேரும் வெள்ளக்காரங்க. அதுல ஒரு பிள்ளையோட அம்மா வந்து பாஸ்டர்ட்ட சொன்னா. நான் முழுகுன தண்ணில அவ மக முழுகக் கூடாது. அவ்வளவுதான். என்னய முக்கி எடுத்த ஒடனே அடைப்பானப் புடுங்கி விட்டுட்டாங்க. நான் துணி மாத்திட்டு வெளிய வாரதுக்குள்ள தொட்டி காலி.”

ரூபன் கண் நிறைவதை ஞானதிரவியம் பார்த்தார். ஆஹா, நிறைகிறது, எனக்காக நிறைகிறது, பியூலா இங்கே இல்லாமல் போனாளே. அலசின தண்ணீருக்கும் காலி செய்த தொட்டிக்கும் எது பெரியது, சொல்லுங்கள். நெஞ்சுக்குள் ஒரு இதமான சூடு பரவியது. சங்கத்து மைக்கில் இதைச் சொன்னால் கிழவிகள் மட்டுமா, ஆயிரத்து இருநூறு பேரும் கைக்குட்டையைத் தேடுவார்கள், பொய் சொன்னது ஒரு பொருட்டாகவே இருக்காது, பாவம் இவ்வளவு நாள் பயந்து மறைத்திருக்கிறார் என்பார்கள். பாவம் என்பார்கள். கடைசியில் அவரையும் பாவம் என்பார்கள்.

“எப்ப அங்கிள் தெரிஞ்சுது உங்களுக்கு? யாராச்சும் அப்புறமா சொன்னாங்களா?”

“ஒருத்தரும் எங்கிட்ட வந்து சொல்லல. அன்னிக்கே தெரியும். அவரு தோள்ல கை போட்ட நிமிஷமே தெரியும்.”

“அவ்வளவு சீக்கிரமாவா?” ரூபன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். “எங்க தாத்தாவுக்கு அது புரியவே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம் அங்கிள். தூரத்துத் தெருவுல இருந்து நடந்து வர்றோம், கொஞ்சம் இளைப்பாறட்டும்னு கடைசியா கூப்பிடறாங்கன்னுதான் நெனச்சிட்டு இருந்தாராம். மூப்பர் அவ்வளவு அன்பாச் சொல்வாராம். உங்களுக்கு எப்படி அங்கிள் பார்த்த உடனே தெரிஞ்சுது?”

எப்படித் தெரிந்தது. பதில் வாய்வரைக்கும் வந்து நின்றது, வந்த பிறகுதான் அது என்ன பதில் என்று பார்த்தார். தோளில் கை. கையை வைத்த விதம், அழுத்தாமல், தள்ளாமல், இருக்கட்டுமே இருக்கட்டுமே என்கிற மாதிரி ஒரு கை. கூடவே ஒரு சிரிப்பு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. அந்தக் கையையும் சிரிப்பையும் அன்றைக்கு அவர் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. சொந்த ஊரில், கருங்காலிவிளைச் சபையில், திருவிருந்து ஞாயிறுகளில், நடுப்பாதையின் ஓரத்தில் வெள்ளை வேட்டியும் தோளில் மடித்துப் போட்ட நேரியலுமாக அப்பா நிற்பார். சபை மூப்பர். முன்வரிசை எழுந்து போகும், ஞானதிரவியத்தின் குடும்பம், அம்மா, அத்தைமார். வடக்குத் தெருவிலிருந்து ஒரு கிழவர் தெரியாத்தனமாக எழுந்து நடுவில் வந்துவிட்டால் அப்பா திட்ட மாட்டார், அப்பா யாரையும் திட்டி ஞானதிரவியம் பார்த்ததில்லை, நல்ல மனுஷர், வடக்குத் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கட்டிக்கொடுத்தவர். பக்கத்தில் போய்த் தோளில் கை வைப்பார். தலையைச் சாய்த்துச் சிரிப்பார். இருங்க ஐயா, ஒங்களுக்குன்னு இடம் வச்சிருக்கேன் என்பார். கிழவர் மகிழ்ந்துபோய் உட்கார்ந்துகொள்வார். முன்பெஞ்சில் முழங்கால்சட்டையோடு உட்கார்ந்திருந்த ஞானதிரவியத்துக்கு அப்போதே அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வீட்டில் அதற்குத் தனியாகப் பாடம் கிடையாது, சோறு எப்படித் தின்பது என்று தெரிகிற மாதிரி தெரியும். பத்து வருஷம் கழித்து, அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போன ஒரு திருவிருந்து ஞாயிறு, நடுப்பாதையில் நின்றது இவர். அன்றைக்கும் வடக்குத் தெருவிலிருந்து ஒருவர் எழுந்தார். இவர் கை தானாக உயர்ந்தது. பாஸ்டர் ஹாலிஸ் தோளைத் தொட்டபோது உடம்பு நடுங்கினது குளிரால் இல்லை, அவமானத்தால்கூட இல்லை, தன் கையே தன் தோளில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதனால்தான் தேங்க் யூ பாஸ்டர் என்று வாய் சொன்னது. வேறு என்ன சொல்ல முடியும்? ரூபன் காத்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லிவிடலாம், பரிசுத்த ஆவி உணர்த்தினார் என்று சொல்லலாம், இந்தச் சபையில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

“எங்க அப்பாவும் அப்படித்தான் சிரிப்பாரு தம்பி,” என்றார் ஞானதிரவியம். “எங்க சபைல வரிசை பாக்குறது அவருதான். ஒருநா அவருக்குப் பதிலா நானும் வரிசை பாத்திருக்கேன்.”

ரூபன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஒதுங்கிக்கொண்டதை அவர் பார்த்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணீர் அங்கேயேதான் இருந்தது, ஆனால் இப்போது அது யாருக்கு என்று தெரியவில்லை, அவருக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எவ்வளவு ஆசைப்பட்டார், கேட்டவன் சாகிறவரை மறக்காத ஒரு கதைக்கு. கிடைத்துவிட்டது. முழுக்க முழுக்க அவருடைய கதை, அதில் யாரும் பங்குக்கு வர முடியாது, ரூபன் இதைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை.

“அங்க சொல்வீங்களா அங்கிள்?” என்றான் ரூபன், தரையைப் பார்த்துக்கொண்டு. “இந்தப் பாதியையும்?”

“தெரியல தம்பி.”

“நீங்க போறதா இருந்தா நான் என் பேரை எடுத்துடறேன். மொதல்ல சொன்னதுதான். மாத்தல.”

கூடத்திலிருந்து பாஸ்டர் கோல்மனின் குரல் கேட்டது. ஜிடி, ஆறு ஆகப்போகிறது, எல்லோரும் வந்தாயிற்று, நீங்கள் வந்தால் ஆரம்பித்துவிடலாம். ஞானதிரவியம் குழாயை அடைத்தார், வெப்பமானியைப் பார்த்தார், நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார், செய்ய வேண்டியது எதுவும் மீதி இல்லை. ரூபன் எழுந்து கால்சட்டையின் ஈரத்தைத் தட்டிவிட்டு, போய்க் கதவைத் திறந்தான். குறுகலான கதவு, ஒரு ஆள்தான் நுழையலாம். உள்ளே வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் தலைகள் தெரிந்தன. வயசானவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்கிற பிள்ளை அவன், அப்படி வளர்த்திருக்கிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

“நீங்க முன்னாடி போங்க அங்கிள்.”

இல்ல தம்பி நீ போ என்று சொல்லத்தான் நினைத்தார். சொல்ல வாய் வருவதற்குள் கால் முன்னால் போய்விட்டிருந்தது.